ஜப்பான் கேசட், நம்ம ஊர் பிளக்: அனிமே கேம் சேகரிப்பாளர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டிராகன் பால், ஒன் பீஸ் கேம்களைச் சேகரிக்க ஆசை. கையில் ஒரு கன்சோல்கூட இல்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

கையடக்கக் கன்சோலில் ஆரம்பிங்க தம்பி. கேம்பாய் அட்வான்ஸ், நின்டெண்டோ டிஎஸ், பிஎஸ்பி மூன்றிலுமே கேம்களுக்கு ரீஜன் லாக் இல்லை. டிஎஸ்ஸின் பிந்தைய மாடலான டிஎஸ்ஐ மெஷினுக்கென்றே வந்த சில கேம்கள் மட்டும் விதிவிலக்கு. மற்றபடி ஜப்பானில் விற்ற கேசட்டை எந்த நாட்டு மெஷினிலும் போடலாம். மின்னழுத்தத் தொல்லை இல்லை, டிவியும் வேண்டாம்.

டிஎஸ்ஸில் முதலில் தேட வேண்டியது 2006-இல் வந்த 'ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ்'. 'ஜம்ப்' என்ற ஜப்பானிய மங்கா இதழின் பல தொடர்களிலிருந்து பாத்திரங்களை ஒரே சண்டைக் களத்தில் இறக்கிய கேம். இத்தனை தொடர்களின் உரிமையையும் ஒவ்வொரு நாட்டிலும் வாங்கிச் சேர்ப்பது லேசான வேலை இல்லை. அது ஜப்பானைத் தாண்டவே இல்லை. மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான். சண்டைக்கு மொழி தேவையில்லை. மங்கா கட்டங்களை அடுக்கி 'கோமா' டெக் உருவாக்கும் இடத்தில்தான் திணறுவீர்கள், அதற்கு ஒரு மொழிபெயர்ப்புக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸில் 'டிராகன் பால்: அட்வான்ஸ்டு அட்வென்ச்சர்' 2004-இல் ஜப்பானில் வந்தது. பிறகு ஆங்கிலத்திலும் வந்ததால் மொழிப் பிரச்சினை இல்லை.

கொஞ்சம் பழகிய பிறகு பண்டாயின் வொண்டர்ஸ்வான் பக்கம் வாங்க. 1999-இல் வந்தது, கேம்பாயை உருவாக்கிய குன்பே யோகோயின் கைவண்ணம், ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும். டிஜிமான், குண்டம், ஒன் பீஸ் என்று பண்டாய் கையில் இருந்த தொடர்கள் இதில் வரிசையாக வந்தன. வண்ணத்தில் வேண்டுமென்றால் 2002-இல் வந்த ஸ்வான்கிரிஸ்டல் வாங்குங்கள், அதன் திரை முந்தைய 'கலர்' மாடலைவிடத் தெளிவு. எந்த மாடலிலும் பின்னொளி கிடையாது. வாங்கும்முன் திரையை ஆன் செய்த படம் கேளுங்கள். ஓரத்திலிருந்து கறுப்பாகவோ பழுப்பாகவோ திட்டு பரவியிருந்தால் திரைமேல் ஒட்டிய போலரைசர் ஃபிலிம் அழுகுகிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஜப்பானிலிருந்து சூப்பர் ஃபாமிகாம் (சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானிய வடிவம்) வந்திருக்கிறது. அடாப்டர் இல்லை. வீட்டில் கிடக்கும் ரூட்டர் அடாப்டரின் பின் சரியாகப் பொருந்துகிறது. போடலாமா?

போடவே போடாதீர்கள். பின் பொருந்தும், துருவம் பொருந்தாது. சூப்பர் ஃபாமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடுமுனை நெகட்டிவ். ரூட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். ஏற்கெனவே போட்டுப் பார்த்து இப்போது ஆன் ஆகவில்லை என்றால், மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (மின்தொடர்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் நிலை) வைத்து எஃப்1 என்று அச்சிட்ட ஃபியூஸைச் சோதியுங்கள். பெரும்பாலும் அது மட்டும்தான் போயிருக்கும்.

வாங்க வேண்டியது: 9 வோல்ட் டிசி, 1 ஆம்பியர் அல்லது கூடுதல், நடுமுனை நெகட்டிவ், 5.5 × 2.1 மி.மீ. பின், 100–240 வோல்ட் உள்ளீடு. உள்ளே 5 வோல்ட் ரெகுலேட்டர் இருப்பதால் 9 வோல்ட்டே தாராளம். மிச்ச வோல்ட்டை ரெகுலேட்டர் வெப்பமாகத்தான் வெளியேற்றும், அதனால் 12 வோல்ட் கொடுத்தால் தேவையில்லாமல் கொதிக்கும். அமெரிக்க என்இஎஸ் (முந்தைய நின்டெண்டோ கன்சோல்) அடாப்டரும் ஆகாது. அது 9 வோல்ட் ஏசி தருகிறது.

ஜப்பானிய அடாப்டரே கூட வந்திருந்தால் அதை நேரடியாக நம் 230 வோல்ட்டில் செருகினால் சில நொடிகளில் கருகும், அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. செகா சாட்டர்ன், பழைய பெரிய பிஎஸ்2 போல பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் ஜப்பானிய மெஷின்களுக்கு 230-லிருந்து 100 வோல்ட்டுக்கு இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் 110 வோல்ட்டுக்கானதைத் தருவார்கள், 100 என்று கேட்டு வாங்குங்கள். மெஷின் லேபிளில் இருக்கும் வாட்டைப்போல் இரண்டு மடங்கு திறன் இருக்கட்டும்.

படத்துக்கு ஒரு வார்த்தை. மலிவான ஏவி–எச்டிஎம்ஐ பெட்டிகள் இந்தக் கன்சோல்கள் தரும் 240பி (எல்லாக் கோடுகளையும் ஒரே தடவையில் வரையும்) சிக்னலை 480ஐ (ஒன்றுவிட்டு ஒரு கோடாக வரையும்) என்று எடுத்துக்கொள்ளும். அசையும் உருவம் கலங்கும், சண்டை விளையாட்டில் பட்டன் தாமதமும் தெரியும். ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போல 240பி-யைச் சரியாகக் கையாளும் கருவி வாங்குங்கள், இல்லையென்றால் பழைய டியூப் டிவி ஒன்றைக் காப்பாற்றி வையுங்கள்.

கேள்வி: 'டிராகன் பால் இசட்: சூப்பர் சாயா டென்செட்சு' கேசட்டில் சேவ் நிற்பதே இல்லை. கேசட் போலியா?

பேட்டரி தீர்ந்திருக்கும். 1992-இல் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த ஆர்பிஜி (பாத்திரத்தை வளர்த்துக் கதையில் நகரும் கேம்) அது. சேவ் இருப்பது எஸ்ரேம் சிப்பில், அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு சிஆர்2032 காயின் பேட்டரி. முப்பது ஆண்டு தாண்டிய கேசட்டில் முதல் பேட்டரியே இன்னும் இருந்தால் அதை நம்ப முடியாது.

திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் (இந்தத் திருகுகளுக்கான தனி முனை) வேண்டும், சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஆகாது. கன்சோலைத் திறக்கத்தான் 4.5 மி.மீ. போர்டை வெளியே எடுத்ததும் பேட்டரியின் பிளஸ் பக்கம் எந்தப் பேடில் (போர்டில் ஈயம் வைக்கும் செப்புத் திட்டு) இருக்கிறது என்று படம் எடுத்துவிடுங்கள். புதிய பேட்டரி, பற்றவைக்கத் தகடு பொருத்திய சிஆர்2032-ஆக இருக்கட்டும். வெறும் காயின் செல் மீது நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் வீங்கும், வெடிக்கவும் கூடும். டேப் ஒட்டி அழுத்திவைக்கும் குறுக்குவழியும் வேண்டாம். கேசட்டைச் செருகி எடுக்கும் அதிர்விலேயே தொடர்பு விட்டு, சேவ் மொத்தமும் போகும்.

சால்டரிங் இரும்பை 350 டிகிரியில் வைத்து, பழைய இணைப்பில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கினால் தகடு தானாகக் கழன்று வரும். நெம்பாதீர்கள், பேட் பிய்ந்தால் பிறகு ஒயர் இழுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். மாற்றியதும் பேட்டரி முனைகளில் 3 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

பேட்டரியைக் கழற்றிய உடனே பழைய சேவ் அழிந்துவிடும். உங்களுடையதில் ஏற்கெனவே இல்லை. சேவ் இன்னும் நிற்கும் மற்ற கேசட்டுகளுக்கு முதலில் கார்ட்ரிஜ் ரீடரில் போட்டுக் கோப்பாக எடுத்துக்கொண்டு, பிறகு கை வையுங்கள். கேம்பாய் கேசட்டுகளில் சிஆர்1616, சிஆர்2025 என்று அளவு மாறும், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் அட்வான்ஸ் கேசட்டுகள் பாதி விலைக்கு வருகின்றன. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

கேசட்டின் கீழ் விளிம்பை, தங்கப் பற்களுக்குச் சற்று மேலே, சாய்த்துப் பாருங்கள். அசல் போர்டில் 'நின்டெண்டோ' என்ற எழுத்து தெரியும். அசல் லேபிளில் மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் இருக்கும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம். விற்பவர் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் பின்பக்கமும் பற்களும் கேட்டு வாங்குங்கள், மறுத்தால் அதுவே பதில். போலியில் கேம் ஓடும், ஆனால் சேவ் பல நேரம் கைவிடும். ஐம்பது மணி நேரம் ஆடிய பிறகு அது தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

கேள்வி: அண்ணை, நான் யாழ்ப்பாணத்திலை இருக்கிறன். என்னட்டை இருக்கிறது பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) பிஎஸ்2. ஜப்பான் 'ஸ்பார்க்கிங்! மீட்டியோர்' டிஸ்க் போட்டா வேலை செய்யுமோ?

செய்யாது தம்பி. பிஎஸ்2 டிஸ்க்கிலேயே ரீஜன் பார்க்கும். அதே டிராகன் பால் கேம் 'புடோகாய் டென்காய்ச்சி 3' என்ற பெயரில் பால் வடிவத்தில் இருக்கிறது, உங்கள் மெஷினுக்கு அதுதான் சரி. ஜப்பானியப் பதிப்பே வேண்டுமென்றால் எஸ்சிபிஎச்-70000 வரிசை ஜப்பானிய ஸ்லிம் ஒன்று தேடுங்கள். அதில் அடாப்டர் வெளியே இருக்கிறது, 8.5 வோல்ட். அடாப்டர் லேபிளில் 100–240 என்று இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம். 90000 வரிசையில் பவர் சப்ளை உள்ளே போய்விட்டது, எண்ணைக் கவனியுங்கள்.

பிஎஸ்3, ஸ்விட்ச் காலத்தில் இந்தத் தொல்லை போய்விட்டது, டிஸ்க்கும் கார்டும் பெரும்பாலும் எந்த நாட்டு மெஷினிலும் ஓடும். டிஎல்சி (தனியாக இறக்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதி) மட்டும் அந்த நாட்டுக் கணக்கில்தான் வாங்க வேண்டும். நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு ரீஜன் லாக் உண்டு, டிஎஸ்ஸோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பிரான்சில் வெளியான டிராகன் பால் இசட் சூப்பர் நின்டெண்டோ கேசட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பெட்டிக்காக என்றால் வாங்குங்கள், பிரான்சில் அந்தத் தொடருக்கு இருந்த மோகத்துக்கு அதுவே சாட்சி. ஆடுவதற்கு என்றால் அதன் ஜப்பானியப் பதிப்பான 'சூப்பர் புடோடென்' வாங்குங்கள். பால் கன்சோல் 60-க்குப் பதில் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால், வேகத்தைச் சரிக்கட்டாத கேம்கள் ஆறில் ஒரு பங்கு மந்தமாகும். பால் கேசட்டின் லாக் சிப்பும் வேறு, ஜப்பானிய மெஷின் ஏற்காது. ஜப்பான், அமெரிக்கா இரண்டுக்கும் லாக் சிப் ஒன்றுதான், கேசட் வடிவம்தான் இடிக்கும்.

கேள்வி: பெயர் மாற்றி வெளிநாட்டில் விற்ற அனிமே கேம்கள் உண்டாமே?

உண்டு, சேகரிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1986-இல் வந்த ஃபாமிகாம் 'டிராகன் பால்: ஷென்ரான் நோ நாசோ' அமெரிக்காவில் 'டிராகன் பவர்' ஆனது. செகா மார்க் 3-இல் வந்த 'ஹொகுடோ நோ கென்' வெளியே 'பிளாக் பெல்ட்'. 1988-இன் 'கேப்டன் சுபாசா' 'டெக்மோ கப் சாக்கர் கேம்' ஆனது. இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஆடிப்பாருங்கள், எந்த முகத்தை அழித்து எந்த முகத்தை வரைந்தார்கள் என்று தெரியும்.

கேள்வி: சாட்டர்ன் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மொழியும் தேதியும் கேட்கிறது.

பின்பக்க மூடிக்குள் இருக்கும் சிஆர்2032 தீர்ந்துவிட்டது. பற்றவைக்க வேண்டாம், கையாலேயே மாற்றலாம். அது தீர்ந்தால் உள்ளே இருக்கும் சேவும் போகும், ஆகவே முக்கியமானதை மெமரி கார்ட்ரிஜுக்கு நகலெடுங்கள். 'மேஜிக் நைட் ரேயர்த்' தேடுகிறவர்களுக்கு: ஜப்பானியப் பதிப்பு 1995, ஆங்கிலப் பதிப்பு 1998, அமெரிக்காவில் சாட்டர்னுக்கு அதிகாரபூர்வமாக வந்த கடைசி கேம் அதுதான். ஆங்கிலத்தின் விலை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்று புரியும்.

கேள்வி: எல்லாம் டிஜிட்டலில் கிடைக்கும்போது டிஸ்க் எதற்கு?

அனிமே கேமுக்கு உரிமக் காலம் உண்டு. 2019-இல் வந்த 'ஜம்ப் ஃபோர்ஸ்' 2022 பிப்ரவரியில் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது, ஆகஸ்டில் ஆன்லைன் சர்வரும் நின்றது. டிஸ்க் வைத்திருப்பவர் இன்றும் தனியாக ஆடலாம். புதிதாக வந்த அனிமே கேமில் பிடித்தது இருந்தால் டிஸ்க்காக வாங்குங்கள். டிஎல்சி வேண்டுமென்றால் விற்பனையில் இருக்கும்போதே வாங்கி, அப்டேட்டையும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள்.

கேள்வி: ஜப்பானிய ஏலத் தளங்களில் மலிவாக 'ஜங்க்' என்று போடுகிறார்களே, நம்பலாமா?

சோதிக்கவில்லை, திருப்பி எடுக்க மாட்டோம் என்பதே அதன் பொருள். கேசட் என்றால் துணிந்து வாங்கலாம். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பற்களைத் தேய்த்தால் பெரும்பாலும் ஓடிவிடும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் அரிக்கும். ஆனால் கேம் கியர், பிசி எஞ்சின் டுவோ இரண்டையும் ஜங்க்காக வாங்கினால் கெபாசிட்டர் மொத்தமும் மாற்றும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அவற்றில் கசிவது வழக்கம். கசிந்த திரவம் போர்டின் தடங்களைத் தின்றுவிடும். சோதித்தது வேண்டுமென்றால் 'தோசா காகுனின் சுமி', பெட்டியும் கையேடும் வேண்டுமென்றால் 'ஹகோ செட்சு' என்று இருக்கிறதா பாருங்கள். கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் மலிவு மலிவாக இருக்காது, பல பொருளைச் சேர்த்து ஒரே பெட்டியாக வரவழையுங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் வீடு. அட்டைப் பெட்டிகளில் பூஞ்சை வருகிறது.

காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பதமானி. 40–50 சதவீதத்தில் நிற்க வேண்டும், ஜெல்லின் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பெட்டிகளை வெளிச் சுவரையொட்டி அடுக்காதீர்கள். கையடக்கக் கன்சோலை எடுத்து வைக்கும்போது ஏஏ பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.