"இந்த மாதத்தில் இது செய்ய வேண்டாமா?": குழந்தை வளர்ச்சி பற்றிய கேள்விகளும் பதில்களும்

பிறந்தது முதல் 5 வயது வரையிலான வளர்ச்சி பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். குழந்தை வளர்ச்சி மருத்துவர் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் கவலைப்படத் தேவையில்லாத விஷயத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள். மீதிப் பேர் உடனே காட்டியிருக்க வேண்டியதைப் "போகப் போகச் சரியாகிடும்" என்ற யாரோ ஒருவரின் பேச்சை நம்பித் தள்ளிப்போட்டவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். குழந்தையை நேரில் பார்க்காமல் இது இன்ன குறை என்று யாராலும் சொல்ல முடியாது. எதைக் கவனிக்கணும், எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது என்பதைச் சொல்லலாம்.

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 11 மாதம். இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போகிறாள். அதே வயதுள்ள பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. ஏதாவது பிரச்சினையா?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. எல்லாருமே ஆரோக்கியமான குழந்தைகள். ஆனாலும் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்த வயது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை வேறுபட்டது. தனியாக நடந்தது 8 மாதத்துக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி 17 மாதம் தாண்டியும் போனது. 100-ல் 4 குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. வேறு விதமாக நகர்ந்து, எழுந்து, நடந்துவிட்டார்கள்.

உட்கார்ந்தே நகர்கிற குழந்தைகள் பொதுவாகக் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: இரண்டு கையையும் சமமாகப் பயன்படுத்துகிறாளா? தூக்கி நிறுத்தினால் காலில் பாரம் தாங்குகிறாளா? போன மாதம் செய்யாத ஏதாவது ஒன்றை இந்த மாதம் செய்கிறாளா? மூன்றுக்கும் ஆம் என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தையை மறந்துவிடுங்கள். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பையன் 32 வாரத்தில் பிறந்தவன். இப்போது 8 மாதம். இன்னும் தனியாக உட்காரவில்லை. வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள்.

40 வாரத்தில் பிறக்க வேண்டியவன் 8 வாரம் முந்தி வந்திருக்கிறான். அந்த 8 வாரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அவனுடைய திருத்திய வயது கிட்டத்தட்ட 6 மாதம்தான். 6 மாதக் குழந்தை கையை முன்னால் ஊன்றித் தள்ளாடியபடி உட்கார்ந்தாலே போதும். வளர்ச்சியைக் கணக்கிடும்போதெல்லாம் 2 வயது வரை இந்தக் கழித்தலைச் செய்யுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான். குறைமாதக் குழந்தைக்குக் கண், காது பரிசோதனைகளையும் தொடர் வருகைகளையும் தவறவிடாதீர்கள். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: மகனுக்கு 22 மாதம். அம்மா, அப்பா, தா என்று மூன்று நான்கு வார்த்தைதான். மாமியார், "அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான்" என்கிறார். காத்திருக்கலாமா?

வார்த்தைகளை எண்ணுவதற்கு முன் வேறு சிலவற்றைப் பாருங்கள். பேச்சு வாயிலிருந்து வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கண்ணிலும் கையிலும் தெரிந்துவிடும்.

அவனுக்கு வேண்டிய பொருள் உயரத்தில் இருக்கிறது. என்ன செய்கிறான்? விரலை நீட்டிக் காட்டி, உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, மறுபடி பொருளைப் பார்க்கிறானா? அல்லது உங்கள் முகத்தைப் பார்க்காமல் உங்கள் கையை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறானா? வானத்தில் விமானம் போகும்போது, அது அவனுக்கு வேண்டிய பொருளே இல்லை, ஆனாலும் "அங்கே பார்!" என்பதுபோல உங்களுக்குக் காட்டுகிறானா? இந்த இரண்டாவது வகைச் சுட்டலுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன். தான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்கட்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. 18 மாதத்துக்குள் அது பெரும்பாலும் வந்துவிடும்.

அடுத்து, புரிதல். கையால் சைகை காட்டாமல், "செருப்பை எடுத்துட்டு வா" என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்து வந்தால் நல்ல அறிகுறி. முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து பேச்சு மட்டும் தாமதம் என்றால், பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஆனால் எந்தக் குழந்தை எட்டும், எது எட்டாது என்று முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் முடிவு. முதலில் செவித்திறன் பரிசோதனை. கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சின் மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் இருக்கிறார்கள். பிறகு பேச்சு சிகிச்சையாளர். அங்கே போவதால் குழந்தைமேல் எந்த முத்திரையும் விழாது. தேவையில்லை என்று தெரிந்தால் நிம்மதியாகத் திரும்பி வரலாம். தேவை என்றால் ஒரு வருடம் மிச்சம். அவன் அப்பா தாமதமாகப் பேசியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேச்சுத் தாமதம் குடும்ப வழியாகவும் வரும் என்பதால் அது பயனுள்ள தகவல். காத்திருப்பதற்கான காரணம் அல்ல.

கேள்வி: ஒன்றரை வயதில் பத்துப் பன்னிரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். இப்போது 20 மாதம். பேச்சு நின்றுவிட்டது, டாட்டா காட்டுவதும் இல்லை.

இதற்குக் காத்திருப்பே கிடையாது. இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வந்த பேச்சோ சைகையோ எந்த வயதில் போனாலும் உடனே பரிசோதிக்க வேண்டும். ஆட்டிசம், காது கேளாமை, வலிப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். பழைய கைபேசி வீடியோக்களில் அவள் பேசியதும் டாட்டா காட்டியதும் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். எங்களுக்கு அவை ரொம்ப உதவும். நீங்கள் எதுவும் செய்யாமல் விட்டதால் இது வரவில்லை, அந்தப் பாரத்தைச் சுமக்காதீர்கள்.

கேள்வி: ஒரு பட்டியலில் 2 வயதில் 50 வார்த்தை என்கிறார்கள், இன்னொன்றில் இரண்டரை வயது என்கிறார்கள். எதை நம்புவது?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் பட்டியலை மாற்றியது. முன்பு பாதிக் குழந்தைகள் ஒன்றைச் செய்யும் வயதைப் போட்டிருந்தார்கள். அதை எட்டாத மீதிப் பாதிப் பேரின் பெற்றோர் பயந்தார்கள், அல்லது "சராசரிதானே" என்று விட்டுவிட்டார்கள். இப்போது 100-ல் 75 குழந்தைகளாவது செய்யும் வயதைப் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் 50 வார்த்தை 30 மாதத்தில் இருக்கிறது, தவழ்வது பட்டியலிலிருந்தே நீங்கியது. புதிய பட்டியலில் ஒன்று விட்டுப்போனால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இதன் பொருள். பேச்சைப் பொறுத்தவரை நான் இன்னும் பழைய கணக்கைத்தான் பின்பற்றுகிறேன்: 2 வயதில் 50 வார்த்தைக்குக் கீழே, "பால் வேணும்" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்தும் வரவில்லை என்றால், ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் நான் ஒரு மொழி, கணவர் வேறு மொழி. இதனால்தான் குழந்தை குழம்பிப் பேசாமல் இருக்கிறதா?

இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வந்தாலும் இயல்புதான். உங்களுக்கு மனதிலிருந்து வருகிற மொழியில் பேசுங்கள். தாலாட்டும் கொஞ்சலும் கதையும் எந்த மொழியில் உங்களுக்குத் தடையில்லாமல் வருமோ, அதுவே குழந்தைக்கும் நல்லது.

கேள்வி: 10 மாதக் குழந்தைக்கு வாக்கர் வாங்கலாமா? சீக்கிரம் நடக்குமா?

வாங்காதீர்கள். சக்கரம் வைத்த வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, தாமதப்படுத்தலாம். படியில் உருண்டு விழுவது, சூடான பாத்திரத்தை எட்டி இழுப்பது என்று விபத்துகள் வேறு. கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. தரையில் விடுங்கள், நாற்காலியைப் பிடித்து எழட்டும்.

கேள்வி: 14 மாதப் பையன் எல்லாவற்றுக்கும் வலது கையைத்தான் நீட்டுகிறான். வலது கைக்காரன் என்று சந்தோஷமாக இருக்கிறோம். சரிதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் நிறையப் பேர் கேட்பதே இல்லை. முதல் ஒன்றரை வருடத்தில் குழந்தை இரண்டு கையையும் ஏறக்குறையச் சமமாகவே பயன்படுத்தும். கைப்பழக்கம் அதற்குப் பிறகுதான் மெல்ல உறுதிப்படும். அதற்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டினால், மற்ற கை சரியாக வேலை செய்யவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். வலது கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை இடது பக்கம் நீட்டுங்கள். இடது கையால் வாங்குகிறானா, அல்லது வலது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடம்பைத் திருப்பி வலது கையாலேயே வாங்குகிறானா? இடது கை எப்போதும் முஷ்டியாகவே மூடியிருக்கிறதா? சட்டை மாட்டும்போது அந்தக் கை மட்டும் விறைக்கிறதா? எதற்காவது ஆம் என்றால் சீக்கிரம் காட்டுங்கள். இந்த வயதில் தொடங்கும் பயிற்சியில் அந்தக் கையை நிறைய மீட்க முடியும்.

கேள்வி: என் பேத்திக்கு 9 மாதம். போன மாதம் வரை என்னிடம் தாவி வந்தவள், இப்போது என்னைப் பார்த்தாலே அழுகிறாள். நான் என்னம்மா தப்பு செய்தேன்?

ஒரு தப்பும் இல்லை அம்மா. தெரிந்த முகம் எது, புது முகம் எது என்று அவளுக்கு இப்போது பிரித்துத் தெரிகிறது. அம்மா கண்ணில் படாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்பதும் புரிகிறது, அதனால்தான் அம்மாவைத் தேடி அழுகிறாள். அறிவு வளர்ந்ததன் அடையாளம் இது. வந்ததும் தூக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருங்கள், கையில் ஏதாவது ஒன்றை வைத்து ஆட்டிக்கொண்டிருங்கள். அவளே நகர்ந்து வருவாள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை ஃபோன் காட்டினால்தான் சாப்பிடுகிறது. ரொம்பக் கெடுதலா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயதுக்குள் திரையில் வீடியோ வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் கூடுதல் கவலை உண்டு. திரையைப் பார்க்கும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. கை அளைந்து, கொட்டி, பிசைந்து, தானே வாயில் வைக்கப் பழக வேண்டிய வயது அது. நிறுத்தினால் முதலில் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடும். ஆரோக்கியமாக இருக்கிற குழந்தை பசித்தால் சாப்பிடும். அந்தச் சில நாளில் வீட்டில் எல்லாரும் ஒரே முடிவில் நில்லுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மூன்று வயது மகள் திடீரென்று "நா... நா... நான்" என்று திக்குகிறாள். "மெதுவா பேசு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

அதைச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். 2 முதல் 5 வயதில் பேச்சு வேகமாக வளரும்போது பல குழந்தைகளுக்குத் திக்கல் வரும், பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். அவள் பேசும்போது கண்ணைப் பார்த்து, வாக்கியத்தை அவளே முடிக்கும் வரை காத்திருங்கள். நீங்கள் நிதானமாகப் பேசினால் போதும். 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது திக்கல் இருந்தாலோ, பேசும்போது முகம் இறுகிக் கண்ணை இறுக்கி மூடினாலோ, பேசவே தயங்கினாலோ பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள்.

கேள்வி: 4 வயதுப் பையன் அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றித்தான் எழுகிறான். சத்துக் குறைவா?

சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். தன் காலின் மேலேயே கையை வைத்து ஏறுவதுபோல எழுவது தசை பலவீனத்தின் அடையாளமாக இருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு மரபு வழியாக வரும் தசைநோய் ஒன்று இப்படித்தான் முதலில் தெரியும். 'சிகே' என்ற எளிய ரத்தப் பரிசோதனையில் இருந்து தொடங்குவார்கள். அவன் எழுவதை வீடியோ எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போய்விட்டு வந்தால் 1 வயது மகனோடு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. மூளை வளர்ச்சிக்கு என்ன பொம்மை வாங்கித் தரலாம்? அப்பாவாக என்ன செய்யணும்?

பொம்மைக்குச் செலவு செய்ய வேண்டாம். மூடியுள்ள டப்பா, கரண்டி, துணி, ஒரு படப் புத்தகம் போதும். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுங்கள், நீங்கள் கற்றுத்தர நினைப்பதைப் பற்றி அல்ல. டப்பாவைத் தட்டுகிறானா? நீங்களும் ஒருமுறை தட்டிவிட்டு நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பெரும்பாலான அப்பாக்கள் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு அடுத்ததைச் செய்துவிடுவார்கள். அவன் உங்களைப் பார்ப்பான், மறுபடி தட்டுவான், "தா" என்பான். உடனே "தட்டணுமா? டப்பாவைத் தட்டலாமா?" என்று அவன் சொன்னதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். மாறி மாறி நடக்கிற இந்தப் பரிமாற்றத்தில்தான் பேச்சும் கவனமும் பாசமும் ஒன்றாக வளர்கின்றன.

குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாமே அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். தனியாக "விளையாட்டு நேரம்" என்று ஒதுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரம் உங்கள் ஃபோன் மட்டும் வேறு அறையில் இருக்கட்டும்.