கணையப் புற்றுநோயில் மனச்சோர்வும் மெலிவும் ஏன்?

"கடலூரில் இருக்கும் அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். நோய் தெரிவதற்கு முன்பிருந்தே எதிலும் பிடிப்பில்லை, எடையும் இறங்குகிறது. கவலையால்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவலை மட்டும் காரணமில்லை. கட்டியும் அதைச் சூழ்ந்த நோயெதிர்ப்புச் செல்களும் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றால் ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்) ஏறும், அல்புமின் என்ற புரதம் இறங்கும், தசை கரையும். மூளையில் பசியும் தூக்கமும் ஆர்வமும் மங்கும். சிலருக்கு நோய் தெரியும் முன்பே மனச்சோர்வு வர இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. "மனச தேத்திக்கோங்கப்பா" என்பது போதாது. மருத்துவரிடம் சொல்லுங்கள், மிர்ட்டாசபின் போன்ற மனச்சோர்வு மாத்திரை தூக்கத்துக்கும் உதவும்.

எடை இறங்குவதில் பலர் கோட்டைவிடுவது கணைய நொதிக் குறைவை, அதாவது உணவைச் செரிக்கும் நொதிகளைக் கணையத்தால் போதிய அளவு தர முடியாததை. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் சந்தேகப்படுங்கள். நொதிக் காப்ஸ்யூலை முதல் கவளத்தோடு மெல்லாமல் விழுங்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் பயன் குறையலாம். பெரும்பாலும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட், நொறுக்குத்தீனிக்கு அதில் பாதி என்று தொடங்குவார்கள். சூடான டீயோடு வேண்டாம், நொதி கெடும். வெறும் கஞ்சியும் வேண்டாம் (நம் ஊரில் நோயாளி என்றாலே கஞ்சிதான்!), முட்டை, மீன், தயிர் எனக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள், இன்சுலினும் குறைந்திருக்கலாம்.

பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) இருந்து, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கிருமித் தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவலாம். அந்த இரவே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கிளம்புங்கள்.