பலகைக்குக் கீழே ஒரு மேசை – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தந்தையின் மறைவுக்குப் பின் வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை அலைந்தேன். எட்டாவது முறை, வாசலில் மனு எழுதித் தருபவர் சொன்னபடி இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். மூன்றாம் நாள் சான்றிதழ் கிடைத்தது. பணம் கைமாறிய மேசைக்கு மேலே ‘கையூட்டு கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்’ என்ற பலகை தொங்கியது. மனித நடத்தை பற்றிய ஆய்வுகளைக் கொண்டு ஊழலைக் குறைக்கலாம் என்று ஓர் உரையில் கேட்டேன். கொடுக்காமல் காரியம் நடக்காது என்பதைப் பிள்ளைகள்கூட அறிந்திருக்கும் எங்கள் பகுதியில் அந்த ஆய்வுகளால் என்ன பயன்? அடுத்து சொத்துவரிப் பெயர் மாற்றம் காத்திருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொருக்குப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தையின் மறைவுக்கு என் வருத்தங்கள். துக்கம் ஆறும் முன்பே இப்படி அலைய நேர்ந்தது கொடுமை.

அந்தப் பலகையிலிருந்தே தொடங்குகிறேன். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நிக் சீஸ்மேன், கேரின் பைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், ஊழலுக்கு எதிரான வாசகங்களை மக்களிடம் படித்துக்காட்டிவிட்டு, உண்மைப் பணம் வெல்லக்கூடிய ஒரு விளையாட்டில் அவர்களை ஈடுபடுத்தினார்கள். அதில் கையூட்டு கொடுத்தும் வெல்லலாம். வாசகங்கள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஊழல் எங்கும் பரவியிருக்கிறது என்று ஏற்கெனவே நம்பியவர்கள், வாசகத்தைக் கேட்ட பிறகு கூடுதலாகவே கையூட்டு கொடுத்தார்கள். ஒரு தீமையைப் பற்றிய எச்சரிக்கை, அது எவ்வளவு வழக்கமானது என்பதையும் சேர்த்தே நினைவூட்டிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் மங்கூசி என்ற ஊரில் நில்ஸ் கோபிஸ் குழுவினர் வேறு விதமாக முயன்றார்கள். கையூட்டு வாங்குவோர் குறைந்துவருகிறார்கள் என்ற கணக்கெடுப்புச் செய்தியைச் சுவரொட்டிகளாக ஒட்டினார்கள். அவை இருந்த காலத்தில் அதே போன்ற விளையாட்டில் கையூட்டு குறைந்தது. அரசின் வெற்றியைப் புகழும் வாசகமும் லாகோஸில் உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற செய்திக்கே மனம் அசைகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் பகுதியில் அந்தச் செய்தி எப்படிப் பரவுகிறது என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மகளின் சாதிச் சான்றிதழுக்காகத் தண்டையார்பேட்டையில் உள்ள என் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, தெருவில் ஐந்து பேர் எனக்கு ‘ரேட்’ சொல்லிவிட்டார்கள். பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எழுத்தர் எதையும் கேட்கவில்லை. குறித்த நாளில் சான்றிதழைக் கொடுத்தார். நான் செய்த தவறு அதன் பிறகு நடந்தது. அதை எவரிடமும் சொல்லவில்லை. பணம் கொடுத்திருந்தால் டீக்கடையில் பத்துப் பேரிடம் குமுறியிருப்பேன். கொடுத்தவரின் கதை தெருவெங்கும் நடமாட, கொடுக்காமல் பெற்றவரின் கதை வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் ‘எல்லோரும் கொடுக்கிறார்கள்’ என்ற நம்பிக்கை உண்மை நிலவரத்தைவிட எப்போதும் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. அந்த நேர்மையான எழுத்தரும் எங்கள் தெருவின் பேச்சில் கையூட்டு வாங்குபவராகவே இருக்கிறார்.

ஆனால் நம்பிக்கை மட்டுமே காரணம் என்று சொன்னால் உங்கள் ஏழு நடைக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் வருமானத்தை அழிக்கிறது. ஏழு நடையின் இழப்பு இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அவர் காசு கொடுத்து வாங்குவது அந்தத் தாமதத்திலிருந்து விடுதலையைத்தான். தில்லியின் குடிசைப் பகுதிகளில் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களைக் கொண்டு பெய்சாகின், பின்டோ இருவரும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் மிக முக்கியமானது. கையூட்டு கொடுத்தவர்களுக்கு அட்டை விரைவில் வந்தது. தங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவர்களுக்குச் சற்றே பின்னால் வந்தது. வெறுமனே காத்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆய்வு முடியும்வரை வரவேயில்லை. தாமதத்துக்கு ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுத்தில் பதிவாகும் என்ற நிலையே கோப்பை நகர்த்தியது.

மனித நடத்தை ஆய்வுத் துறையை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. படிவத்தின் இறுதியில் இல்லாமல் தொடக்கத்திலேயே கையொப்பம் வாங்கினால் மக்கள் உண்மை எழுதுவார்கள் என்று 2012இல் வெளியாகிப் புகழ்பெற்ற கட்டுரை, தரவு புனையப்பட்டிருந்தது தெரியவந்ததால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. சுவரொட்டியும் சொல்லாடலும் கணக்குத் தணிக்கைக்கு மாற்றாகா என்பதே என் உறுதியான கருத்து. இந்தோனேசியாவில் அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமச் சாலைப் பணிகளை ஆராய்ந்த பெஞ்சமின் ஓல்கென், அரசுத் தணிக்கை நிச்சயம் உண்டு என்று முன்பே அறிவித்த இடங்களில் கணக்கில் வராத செலவு எட்டு விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்ததைக் கண்டார். ஊர்க்கூட்டங்களில் மக்கள் பங்கேற்பைக் கூட்டியதால் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை.

ஆகவே அந்தப் பலகையை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தால், சென்ற மாதம் இங்கே எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, ஒவ்வொன்றும் எத்தனை நாளில், இன்னும் எத்தனை மனுக்கள் யாருடைய மேசையில் உள்ளன என்று மாதந்தோறும் எழுதிவைப்பேன்.

சொத்துவரி மனுவைக் கொடுக்கும்போது தேதியுடன் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உரிய காலம் கடந்தால், பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் மனு போடுங்கள். ‘என் மனு எந்தெந்த நாட்களில் எந்த அலுவலரிடம் இருந்தது?’ என்ற கேள்வியே போதும். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். யாராவது பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் தண்டனைக்குரியவர். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் அளித்தால்தான் விலக்கு உண்டு.

பெயர் மாற்றம் பணமின்றி முடிந்தால், எத்தனை நாளில் முடிந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பெயரில்லாமல் இங்கே வெளியிடுகிறேன். உங்கள் தெருவில் நீங்களே சொல்லுங்கள். நானும் அந்த எழுத்தரைப் பற்றி எங்கள் தெருவில் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து