ஒரு மதிப்பெண்ணும் ஓர் அத்திமரமும்

கேள்வி: "என் தந்தை தற்போது மதுரையில் வேலை பார்க்கிறார்" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, 'தற்போது' என்பதற்கு என் மகள் 'பிரசன்ட்லி' என்று எழுதினாள். அந்தச் சொல்லுக்குச் 'சற்று நேரத்தில்' என்பது மட்டுமே பொருள் என்று சொல்லித் தேர்வில் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், விருதுநகர்.

பதில்: உங்கள் மகள் எழுதியதுதான் சரி. அரைகுறையாகத் தெரிந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு குழந்தையின் விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு போடுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

'பிரசன்ட்' என்றால் நிகழ்காலம். அதிலிருந்து பிறந்த சொல் 'இப்போது' என்று பொருள் தருவதில் என்ன பிழை? சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இந்தச் சொல்லுக்கு முதலில் தரும் பொருளே 'இப்போது, இந்த நேரத்தில்' என்பதுதான். 'உடனே, சற்றுப் பின்' என்பது இரண்டாவதாகத்தான் வருகிறது.

அந்த 'உடனே'யின் கதையைக் கேளுங்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், இயேசு சபித்ததும் அத்திமரம் 'பிரசன்ட்லி' பட்டுப்போனது என்று மத்தேயு 21ஆம் அதிகாரம் சொல்கிறது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் இருப்பது 'உடனே'. இன்றைய ஆங்கிலத்தை மனத்தில் வைத்து, 'சற்று நேரம் கழித்துப் பட்டுப்போனது' என்று படித்தால் அங்கே அற்புதமே இல்லாமல் போகும். அடுத்த வசனத்தில் சீடர்கள் வியக்கும்போது வரும் சொல் 'சூன்'. மரம் எவ்வளவு சீக்கிரத்தில் பட்டுவிட்டது என்பதுதான் அவர்களுடைய திகைப்பு. 1881இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டவர்கள் 'பிரசன்ட்லி'யை எடுத்துவிட்டு, 'உடனடியாக' என்று ஐயமில்லாமல் பொருள்படும் 'இமீடியட்லி'யைப் போட்டார்கள். அதற்குள் பழைய சொல் அவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது.

ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் மந்திரவாதி பிராஸ்பெரோ, தனக்கு ஏவல் செய்யும் ஏரியல் என்ற ஆவியிடம் ஒரு வேலை சொல்கிறான். ஏரியல் "பிரசன்ட்லி?" என்று கேட்கிறது. "ஆம், கண்ணிமைக்கும் நேரத்தில்" என்பது விடை. அந்தக் காலத்து வேகம் அது.

பிறகு ஏன் அது 'சற்று நேரத்தில்' ஆனது? உடனே வருகிறேன் என்பவர் உடனே வருவதில்லை. கேட்பவர்களுக்கும் அது பழகிவிடுகிறது. நாளடைவில் சொல்லின் பொருளே தாமதத்தின் பக்கம் சாய்கிறது. 'சூன்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்றுதான் இருந்தது. 'அனான்' என்ற சொல்லுக்கும் அதே கதிதான். நம் வீடுகளில் 'இதோ வருகிறேன்' என்ற குரல் கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

ஆனால் 'இப்போது' என்ற பொருள் சாகவில்லை. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் வழக்கில் நின்றது. இந்தியாவிலும் அலுவலகக் கடிதங்களில் நாள்தோறும் எழுதுகிறோம். பிரிட்டனில் நடை கற்பித்த சிலர் அதைப் பிழை என்றார்கள். அந்தக் கண்டிப்புத்தான் எப்படியோ உங்கள் மகளின் வகுப்பறைவரை வந்துவிட்டது.

வினைச்சொல்லையும் பார்க்க வேண்டும். 'வருவார்' என்ற எதிர்காலத்தோடு வந்தால் 'சற்று நேரத்தில்'. 'வேலை பார்க்கிறார்' என்ற நிகழ்காலத்தோடு வந்தால் 'இப்போது'. உங்கள் மகளின் வாக்கியத்தில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

நல்ல ஆங்கில அகராதி ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். சண்டை வேண்டாம், அந்தப் பக்கத்தைக் காட்டி, அந்த ஒரு மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி வாருங்கள்.