மனு போட வேண்டியது மகனா, மகளா, நீங்களா?

சகோதரிக்கு வணக்கம்.

அரசுப் பள்ளியில் வேலை பார்த்த கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது, பணியில் இருந்தவர் இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்குத் தரும் கருணை அடிப்படை வேலைக்கு இன்னும் மனு கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம், காலம் இருக்கிறது. ஆனால் மனு கொடுக்காததற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. "பையன் எட்டாவது படிக்கிறான், பதினெட்டு ஆனதும் அப்பா வேலை அவனுக்குத்தான், அதுவரை பொறுங்க அண்ணி" என்கிறார் கொழுந்தனார். மகளோ, பி.காம் இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு நானே மனு போடுகிறேன் என்கிறாள். அவனா, இவளா என்று கேட்கிறீர்கள். மனு போடத் தகுதியுள்ள இன்னொருவர் அந்த வீட்டில் இருக்கிறார்: பன்னிரண்டாவது தேறிய, 41 வயதான நீங்கள். உங்கள் கடிதத்தில் அந்த யோசனையே இல்லை.

முதலில் பையன் விஷயத்தை முடித்துவிடுவோம். தமிழ்நாடு அரசுப் பணியில் இருந்தவர் இறந்தால், இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உங்கள் மகனுக்கு இப்போது பதிமூன்று. அவனுக்குப் பதினெட்டு ஆகும்போது அந்தக் கெடு முடிந்து இரண்டு ஆண்டு ஓடியிருக்கும். கொழுந்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். முன்பெல்லாம் பிள்ளை வளர்ந்த பிறகு கோர்ட்டுக்குப் போய் வாங்கிய கதைகள் ஊரில் உண்டு. அதை நம்பி இன்று உட்கார்ந்திருக்க முடியாது. ஹரியானாவில் ஒரு போலீஸ் காவலர் 1997-ல் பணியில் இருந்தபோது இறந்தார். அப்போது மகனுக்கு ஏழு வயது. அவன் வயதுக்கு வந்த பிறகு வேலை கேட்டான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 நவம்பரில் முடியாது என்று தீர்ப்பு வந்தது. வேலைக்குப் பதிலாக ஒட்டுமொத்தத் தொகை கேட்டு அவனுடைய அம்மா மனு கொடுக்கலாம் என்ற அளவில்தான் ஆறுதல் கிடைத்தது.

நீதிமன்றங்கள் இதில் இரக்கமில்லாமல் இருப்பதாகத் தோன்றலாம். 1994-ல் இன்னொரு ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை அடிப்படை: சம்பாதித்தவர் திடீரென்று போய்விட்டால் அந்தக் குடும்பம் அப்போதைய நெருக்கடியைத் தாண்டுவதற்காக, தேர்வு இல்லாமல் தரப்படும் விதிவிலக்கு இது. அப்பாவின் நாற்காலி பிள்ளைக்கு என்று எந்த உரிமையும் இல்லை. அப்பா என்ன பதவியில் இருந்தாலும் சரி, கீழ்நிலைப் பணியிடங்களில்தான் வேலை தருவார்கள். ஐந்து ஆண்டு காத்திருந்து கேட்டால், இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்களோ அப்படியே சமாளியுங்கள் என்பதுதான் பதிலாக வரும்.

சரி, மகள். பத்தொன்பது வயது, கெடுவுக்குள் வருகிறாள், தகுதியும் இருக்கிறது. மனு போட்டால் தவறில்லை. ஆனால் நான் வேண்டாம் என்பேன். கருணை அடிப்படையில் சேருகிறவர், குடும்பத்தைக் காப்பாற்றுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர வேண்டும். அம்மா, தம்பி, பாட்டி மூவரையும் பத்தொன்பது வயதில் எழுத்துப்பூர்வமாகத் தோளில் ஏற்றிக்கொள்வாள். அப்புறம் அவளுக்கு வரன் பார்க்கும்போது அந்தச் சம்பளம் யாருக்கு என்ற பேச்சு வரும். தமிழ்நாட்டில் இதைப் பார்க்காத குடும்பம் குறைவு. இன்னொன்று, கருணை வேலையை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அத்தோடு அந்த வாய்ப்பு முடிந்தது. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் தூய்மைப் பணியாளராக இப்படிச் சேர்ந்தவர்கள், எங்கள் படிப்புக்கு இளநிலை உதவியாளர் பதவியே தந்திருக்க வேண்டும் என்று கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025-ல் அதை ஏற்கவில்லை. மேலே போக வேண்டுமானால் வழக்கமான பதவி உயர்வு, இல்லாவிட்டால் பரீட்சை. மகளுக்குப் பரீட்சை எழுதும் வயதும் படிப்பும் இப்போதே இருக்கின்றன. உங்களுக்கு இந்த ஒரு வாசல்தான் நேராகத் திறந்திருக்கிறது.

ஆகவே நீங்களே மனு போடுங்கள். கணவனை இழந்த மனைவிக்கு வயது வரம்பு 50. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கே இளநிலை உதவியாளர் பதவி கேட்கலாம். அலுவலக உதவியாளருக்கு எட்டாம் வகுப்பு போதும். இளநிலை உதவியாளரின் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது, அலுவலக உதவியாளருக்கு 15,700. எது சீக்கிரம் காலியாகிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். மேலே சொன்ன பேரூராட்சி வழக்கை நினைவில் வைத்துக்கொண்டு, மனுவில் இளநிலை உதவியாளர் என்றே எழுதுங்கள்.

'எனக்கு இங்கிலீஷ் வராது, கம்ப்யூட்டர் தெரியாது' என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். மாவட்ட அலுவலகங்களில் கோப்பு தமிழில்தான் ஓடுகிறது. சேர்ந்த பிறகு பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி கொடுப்பார்கள். துறைத் தேர்வுகளை டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது; அவற்றை முடித்தால் உதவியாளர் பதவி உயர்வுக்கு வழி. ஓய்வு வயது 60. கொஞ்சம் காத்திருந்து சேர்ந்தாலும் பதினைந்து ஆண்டுக்கு மேல் சர்வீஸ் இருக்கும்.

இனி காகித வேலை. இதில்தான் மனுக்கள் மாட்டிக்கொள்கின்றன. இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கும். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் போடுங்கள், தாசில்தார் தருவார். அதில் உங்களோடு பிள்ளைகள் இருவரும், மாமியாரும் இருப்பார்கள். வாரிசுகளில் ஒருவருக்குத்தான் வேலை என்பதால் மற்றவர்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும். மகள் மேஜர், அவளே கையெழுத்துப் போடுவாள். மைனர் மகனுக்காகக் காப்பாளராக நீங்கள். மாமியார் கையெழுத்துதான் முக்கியம். கொழுந்தனார் பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும் அல்லவா? அவரிடம் நீங்கள் நேரில் உட்கார்ந்து, பேரனுக்கு இந்த வேலை கிடைக்க வழியே இல்லை, நான் சேர்ந்தால் உங்களையும் நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள். வருத்தம் முற்றி வக்கீல் நோட்டீஸ் வரை போன குடும்பங்களில், முதலில் யாரும் இந்தப் பேச்சைப் பேசியிருக்க மாட்டார்கள்.

அடுத்து, குடும்பம் வறிய நிலையில் இருக்கிறது என்பதற்கும், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கும் வருவாய்த் துறைச் சான்றுகள். கணவர் 2001-ல் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் குடும்ப ஓய்வூதியம் வரும். பென்ஷன் வாங்கினால் வேலை தர மாட்டார்கள் என்று ஆபீஸில் யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். குடும்ப ஓய்வூதியத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வருமானத்தை மறைக்காதீர்கள்; பிறகு வெளியே வந்தால் வேலைக்கே ஆபத்து.

மனுவைக் கணவர் வேலை பார்த்த பள்ளித் தலைமை ஆசிரியர் மூலமாக முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாய்மொழியாக 'வெச்சுட்டுப் போங்கம்மா' என்றால் வீட்டுக்கு வந்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் இன்னொரு பிரதி அனுப்புங்கள். ஏதாவது சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால், அந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். மூன்று ஆண்டுக்குள் முதல் மனு போனதற்கு அதுவே சாட்சி. வறுமைச் சான்று தாமதமாகிறது என்பதற்காக மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். போட்டுவிட்டு, சான்று வந்ததும் இணைத்து அனுப்பலாம்.

மேலிடத்தில் ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடுத்தால் அடுத்த மாதமே ஆர்டர் என்று யாராவது வருவார்கள். பணியில் இருந்தவர் இறந்தால் அரசு தரும் குடும்பப் பாதுகாப்பு நிதியாக 5 லட்சம் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் வருகிறார்கள். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

மனு போட்ட பிறகு வேலை எப்போது வரும்? காலியிடமும் வரிசையும் பொறுத்தது. சில மாதத்தில் வந்தவர்கள் உண்டு, பல ஆண்டு நின்றவர்களும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் விசாரியுங்கள். பதில் இல்லையென்றால், பட்டியலில் உங்கள் வரிசை எண் என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். அதற்கிடையில் வீட்டுச் செலவை ஓய்வூதியத்துக்குள் அடக்கப் பாருங்கள். அந்த 5 லட்சம் வந்தால் மகளின் கடைசி ஆண்டுக் கட்டணத்தை எடுத்து வைத்துவிட்டு மீதியை அஞ்சலகத்திலோ வங்கியிலோ போடுங்கள். வேலை வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம். பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தால் தமிழ் தட்டச்சில் சேருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.

மகளுக்கு ஒரு வரி. பி.காம் முடிக்கட்டும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்பதால் அதற்கு இப்போதே படிக்கலாம். 200 கேள்விகளில் 100 தமிழ், அதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பட்டம் கிடைத்ததும் குரூப் 2, வங்கித் தேர்வுகள். ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் முறை வருவதற்குள் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டால், குடும்பத்தில் ஒருவர் சம்பாதிக்கிறார் என்று உங்கள் மனுவை மறுபரிசீலனை செய்ய இடமுண்டு. அதற்காக அவளைத் தேர்வு எழுத விடாமல் வைக்காதீர்கள். கையில் வந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

வாரிசு சான்றிதழ் வந்ததும், மனுவை அனுப்புவதற்கு முன் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பள்ளிச் சான்றோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.