ஜூலை வந்தால் பிட்சர் பேச்சு: கேள்வி பதில்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஜூலை கடைசி வாரம் நெருங்கினால் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான். வளர்ந்துவரும் பையன்களை நம்பி உட்கார்ந்திருப்பதா, இல்லை அவர்களைக் கொடுத்துவிட்டு அனுபவமுள்ள பிட்சரை (பந்து வீசுபவரை) வாங்குவதா? அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேடுக்கான கெடு அப்போதுதான். அது தாண்டிவிட்டால் அந்த சீசனுக்குப் பெரிய ட்ரேடு கிடையாது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ட்ரேடு என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரியா? வீரர் சம்மதிக்க வேண்டாமா?

ஏலம் இல்லை தம்பி. தன்னிடம் இருக்கும் வீரரை, அவருடைய ஒப்பந்தத்தோடு சேர்த்து இன்னோர் அணிக்கு மாற்றிவிடுகிறார்கள். பதிலுக்கு வருவது பெரும்பாலும் மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் படிகள்) ஆடும் இளைஞர்கள். சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் தடை எழுதி வாங்கியிருந்தாலோ, லீக்கில் 10 வருடம் ஆடி அதில் கடைசி 5 வருடம் அதே அணியில் இருந்திருந்தாலோதான் வீரர் மறுக்க முடியும்.

பணக்கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக வரும் பிட்சர் சுமார் ஆறு வருடம் அந்த அணியின் பிடியில் இருப்பார். ஆரம்ப வருடங்களில் குறைந்தபட்சச் சம்பளம்தான், மிஞ்சினால் கொஞ்சம் கூட. 2025ல் அது 7,60,000 டாலர். அதே வருடம் 41 வயதைத் தொட்ட பிட்சர் மேக்ஸ் ஷெர்சருக்கு டொரோன்டோ ஒரே சீசனுக்கு 1.55 கோடி டாலர் கொடுத்தது. இளம் பிட்சரை விட்டால் பல வருட மலிவான உழைப்பும் அவரோடு போகிறது. அணிகள் அப்படித் தயங்குவதற்கு இதுதான் காரணம்.

டெட்ராய்ட்டில் இருக்கிறேன். 1987ல் இளம் பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்ததைச் சொல்லி என் அலுவலகத்தில் இன்றும் புலம்புகிறார்கள். சரித்திரத்திலேயே மோசமான ட்ரேடு அதுதானே?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ஆகஸ்டில் (அப்போதெல்லாம் ஆகஸ்டிலும் ட்ரேடு செய்ய வழி இருந்தது) என்ன நிலைமை என்று பாருங்கள். டெட்ராய்ட் டைகர்ஸ் டொரோன்டோவோடு முட்டி மோதிக்கொண்டிருந்தது. அணியில் பலர் வயதானவர்கள், அடுத்த வருடம் இதே வாய்ப்பு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்மோல்ட்ஸ் 20 வயதுப் பையன், இரண்டாம் நிலை மைனர் லீக்கில் 4 வெற்றி, 10 தோல்வி (ஆட்ட முடிவைப் பிட்சர் பெயரில் எழுதுவது பேஸ்பால் வழக்கம்). ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, 5.68 ரன் விட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கொடுத்து வாங்கிய டாய்ல் அலெக்சாண்டருக்கு 36 வயது. அவர் 11 ஆட்டங்களைத் தொடங்கி 9 வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதே ரன் கணக்கில் சராசரி 1.53. கடைசி வாரக்கடைசியில் டொரோன்டோவை மூன்று ஆட்டத்திலும் சாய்த்து, இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டெட்ராய்ட் முதலிடம் பிடித்தது. அந்த ஒன்பது வெற்றி இல்லாமல் இது நடந்திருக்குமா?

அப்புறம் பிளேஆஃபில் அலெக்சாண்டர் மினசோட்டாவிடம் இரண்டு முறை அடி வாங்கினார், கதை முடிந்தது. ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றி, 154 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது), 1996ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது என்று போய் 2015ல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். அவர் மிச்சிகன் பையன் என்பதால் வலி இன்னும் அதிகம், அது புரிகிறது. ஆனால் அட்லாண்டாவில் முதல் சீசன் 2 வெற்றி, 7 தோல்வி என்பதை யாரும் சொல்வதில்லை. தோற்றுக்கொண்டிருந்த அணி என்பதால் அங்கே பொறுமையாக வளர்க்க முடிந்தது. பட்டம் தேடி ஓடும் அணியில் அந்தப் பொறுமை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். வாசலுக்கு வந்துவிட்ட அணி வாங்கத்தான் வேண்டும். டெட்ராய்ட் வந்திருந்தது.

அப்படியென்றால் எங்கள் பிட்ஸ்பர்க் 2018ல் பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரை வாங்கியதும் சரிதானா சார்? கேட்கவே வயிறு எரிகிறது.

இல்லை. உண்மையான மோசம் அதுதான்.

அந்த ஜூலையில் பைரேட்ஸ் தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்தது. அந்த மயக்கத்தில் டாம்பா பேயிடமிருந்து ஆர்ச்சரை வாங்கினார்கள். கொடுத்தது மூன்று இளைஞர்கள்: டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், பிறகு ஷேன் பாஸ். சீசன் முடிவில் 82 வெற்றி, 79 தோல்வி. வாசலிலும் இல்லை, தெருமுனையிலும் இல்லை. 2019ல் ஆர்ச்சரின் சராசரி 5.19. 2020ல் அறுவை சிகிச்சையால் ஆடவே இல்லை. மெடோஸ் அடுத்த வருடமே லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். நெருப்புப் போல வீசிய கிளாஸ்னோவின் பந்து பிட்ஸ்பர்க்கில் இருந்தவரை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. டாம்பாவில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். தன்னிடம் இருப்பதை வளர்க்கத் தெரியாத அணி வெளியே போய் வாங்கியது என்பதுதான் எனக்குக் கோபம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளாஸ்னோவுக்கு 2021லும் பாஸுக்கு 2022லும் முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது. கொடுக்காமல் வைத்திருந்தாலும் நிம்மதி இருந்திருக்காது.

இந்த முழங்கை ஏன் இப்படி உடைகிறது? கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகுதானே போகும்?

நல்ல கேள்வி. கிரிக்கெட்டில் ஓடிவந்து, முழங்கையை அதிகம் மடக்கி நீட்டாமல் போட வேண்டும். சுமை இடுப்புக்கும் முதுகுக்கும் போகிறது. பிட்சர் நின்ற இடத்திலிருந்து கையைப் பின்னால் வளைத்துச் சாட்டை போல வீசுகிறார். முழங்கையின் உள்பக்கம் ஒரு தசைநார் இருக்கிறது, இழுவை மொத்தமும் அதன் மேல். முன்பெல்லாம் எட்டு இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்க அளந்து வீசினார்கள். இப்போது ஐந்து இன்னிங்ஸ் போதும், ஒவ்வொரு பந்தும் முழு வேகம். 2024 டிசம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட அறிக்கையும் வேகத்தையும் சுழற்சியையும் துரத்தும் இந்தப் போக்கைத்தான் கைகாட்டியது.

1974ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் வலது முன்கையிலிருந்து நாண் எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். ஜான் 1976ல் திரும்பி வந்து இன்னும் 164 வெற்றி எடுத்தார். இப்போது மேஜர் லீக் பிட்சர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அந்தக் கத்தியைப் பார்த்தவர். ஒரு வருடத்துக்கு மேல் வீண். ஆகவே ஒரே ஒரு இளம் பிட்சரை நம்பிக் கோட்டை கட்டாதீர்கள். நான்கைந்து பேர் இருக்க வேண்டும். இருந்தால்தான் ஒருவரைக் கொடுக்கவும் துணிவு வரும்.

அப்போ இளம் பிட்சரை அளந்து ஆடவிட்டால் தப்பிக்கலாமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. சிகாகோ கப்ஸ் 2003ல் 22 வயது மார்க் பிரையரை 211 இன்னிங்ஸுக்கு மேல் வீசவைத்தது. 18 வெற்றி, அபாரம். 2006க்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. வாஷிங்டன் நேர் எதிராகச் செய்தது. 2012ல் முதலிடத்தில் இருக்கும்போதே ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை 159 இன்னிங்ஸோடு நிறுத்தியது. அவர் இல்லாமல் பிளேஆஃபில் செயின்ட் லூயிஸிடம் தோற்றது. ஊரே திட்டியது. 2019ல் அதே ஸ்ட்ராஸ்பர்க் வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரின் சிறந்த வீரர். அதை வைத்து 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள், அதன்பின் எட்டே ஆட்டம் ஆடினார். இதிலிருந்து யாராவது ஒரு விதி எடுத்துக் காட்டினால் நானும் கற்றுக்கொள்கிறேன்.

மில்வாக்கி: மூன்று மாதத்துக்கு மட்டும் ஆளை வாங்குவது வீண்தானே?

உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! 2008ல் சீசன் நடுவில் உங்கள் அணி வாங்கிய பிட்சர் சிசி சபாத்தியா 17 ஆட்டத்தில் 11 வெற்றி, 2 தோல்வி, 1.65 சராசரி. கடைசியில் ஓய்வைக் குறைத்துக்கொண்டு வீசினார். 1982க்குப் பிறகு முதல் பிளேஆஃப். பிறகு நியூயார்க் போய்விட்டார், கொடுத்தவர்களில் மைக்கேல் பிரான்ட்லி நன்றாக வந்தார். இருக்கட்டுமே. 26 வருடம் காத்திருந்த ஊருக்கு அது நஷ்டமா?

பணம் இருந்தால் இந்தக் கவலையே இல்லையே. நியூயார்க் மெட்ஸ் மாதிரி?

2023 மெட்ஸைப் பாருங்கள். ஷெர்சருக்கும் ஜஸ்டின் வெர்லாண்டருக்கும் வருடத்துக்கு ஆளுக்கு 4.33 கோடி டாலர். ஜூலை முடிவதற்குள் நம்பிக்கை போய், இரண்டு பேரையும் விற்று இளைஞர்களை வாங்கினார்கள். 75 வெற்றி. சரி, அடுத்தது.

எந்த மாதிரி அனுபவசாலியை வாங்கலாம் என்று ஒரு அளவுகோல் சொல்லுங்கள். (ஹூஸ்டன்)

உங்கள் வெர்லாண்டர்தான் என் அளவுகோல். 2017 ஆகஸ்ட் 31, அப்போதிருந்த ஆகஸ்ட் கெடு முடிய சில வினாடி இருக்கும்போது கையெழுத்து. அப்போது 34 வயது. பந்தின் வேகம் குறையவில்லை, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி, அப்புறம் பட்டம். கொடுத்த மூவரில் பெரிதாகப் பேசப்பட்ட பிட்சர் ஃபிராங்க்ளின் பெரெஸ், காயம் மேல் காயம், மேஜர் லீக்கை எட்டவே இல்லை. நான் பார்ப்பது மூன்றுதான்: வேகம் நிற்கிறதா, ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறதா, போன வருடம் எத்தனை இன்னிங்ஸ். பழைய விருதுப் பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள்.

டொரோன்டோ 2025ல் செய்தது சரியா? கடைசியில் வேர்ல்டு சீரிஸில் டாட்ஜர்ஸிடம் தோற்றோமே.

மிகச் சரி. ஜூலைக் கெடுவில், முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஷேன் பீபரை வாங்க கால் ஸ்டீபன் என்ற இளம் பிட்சரைக் கொடுத்தார்கள். ட்ரே யெசாவேஜைக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் மைனர் லீக்கின் கீழ்ப் படியில் இருந்த அந்த 22 வயதுப் பையன் செப்டம்பரில் அறிமுகமாகி, வேர்ல்டு சீரிஸ் ஐந்தாம் ஆட்டத்தில் 12 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) எடுத்தார், ஒருவரையும் வாக் (நான்கு தவறான பந்தால் இலவசமாக முதல் தளம் போவது) விடவில்லை. ஏழாம் ஆட்டத்தைத் தொடங்கியவர் 41 வயது ஷெர்சர்.

பதினோராவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன்னுக்காக (நம் சிக்ஸர் மாதிரி) பீபரைத் திட்டுகிறீர்கள். எட்டாவதில் மேக்ஸ் மன்சி அடித்தது யெசாவேஜின் பந்தைத்தான். கிழவரும் வீசினார், பையனும் வீசினான், வாங்கியவரும் வீசினார், 5-4. எதிரே முந்தைய இரவு ஆறு இன்னிங்ஸ் வீசிவிட்டு மறுநாளும் வந்து முடித்துக்கொடுத்தவர் யோஷினோபு யமமோட்டோ. அவர் ட்ரேடில் வந்தவரும் இல்லை, டாட்ஜர்ஸின் மைனர் லீக்கில் வளர்ந்தவரும் இல்லை. 2023 டிசம்பரில் 32.5 கோடி டாலருக்கு ஜப்பானிலிருந்து வந்தவர்.