விரல் பட்டால் காசு போகும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் போனைத் திறந்தால் மிக்ஸி விளம்பரம். போன் ஒட்டுக் கேட்கிறதா? (வாசகி, தென்காசி)

ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. பேசி முடித்த கையோடு உங்கள் வீட்டில் யாராவது மிக்ஸி விலையைத் தேடியிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வைஃபை, அது போதும். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் ஆட்ஸ் என்று போய், விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காண உதவும் விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள். விளம்பரம் நிற்காது, துரத்தல் கொஞ்சம் குறையும். அப்புறம், பழைய மிக்ஸியை ஒரு ரிப்பேர் கடையில் காட்டுங்கள். பல நேரம் கப்ளர்தான் போயிருக்கும்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் 'கடையைக் காலி செய்கிறோம், காஞ்சிப் பட்டு 1,299 ரூபாய்' என்று வீடியோ வந்தது. பார்சல் வந்ததும் பணம் கொடுத்தேன். உள்ளே பாலியஸ்டர் சேலை, முந்தானையில் கிழிசல் வேறு. கேட்டால் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். மகள் வளைகாப்புக்கு வாங்கியது. (வாசகி, விருத்தாசலம்)

அம்மா, உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். பணம் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும் என்பதை வைத்தே இவர்கள் பிழைக்கிறார்கள். பார்சல் உறை இன்னும் இருந்தால், அதில் ஒட்டிய சீட்டைப் படம் எடுங்கள். அனுப்பியவர் முகவரியும் பார்சல் எண்ணும் அதில்தான் இருக்கும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சேலையின் படம் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். கூரியர் கம்பெனிக்கும் எழுதுங்கள். விற்ற ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு விற்றவர் ஊருக்கு நாம் அலைய வேண்டியதில்லை. சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

இன்னொரு விஷயம். அந்தப் பக்கத்தின் பெயரைத் தொட்டு 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' என்ற இடத்துக்குப் போனால், பக்கம் எப்போது தொடங்கியது, பெயர் எப்போதெல்லாம் மாறியது என்று காட்டும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தேங்காய்த் துருவியால். வீடியோவில் அரை நிமிடத்தில் ஒரு மூடியைத் துருவித் தள்ளியது. 649 ரூபாய். வந்தது உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக். பக்கத்தைத் தோண்டிப் பார்த்தால், மூன்று மாதம் முன்பு வரை அதன் பெயரில் செல்போன் கவர் இருந்தது.

கேள்வி: 99 ரூபாய்க்கு ஸ்மார்ட் வாட்ச் விளம்பரம் வருகிறது. ஏற்கெனவே இப்படி இரண்டு முறை ஏமாந்தேன். இந்தக் கம்பெனி பரவாயில்லையா? (வாசகர், ஓசூர்)

மூன்றாவது முறை எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: குட்டி சீரியல் ஆப் ஒன்றில் '1 ரூபாய்க்கு டிரையல்' என்றார்கள். இரண்டு நிமிட எபிசோடு, நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் 499 ரூபாய் எடுத்துவிட்டார்கள். ஆப்பை அழித்த பிறகும் அடுத்த மாதம் பணம் போனது. (வாசகர், மதுரை)

ஆப்பை அழித்தால் ஆப்தான் போகும், நீங்கள் கொடுத்த அனுமதி போகாது. அந்த 1 ரூபாயைக் கட்டும்போது யுபிஐ பின் போட்டீர்களே, அது ஆட்டோபேக்கும், அதாவது தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதிக்கும், சேர்த்துப் போட்டது. யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், இப்போதே. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கும் எஸ்எம்எஸ் வந்திருக்கும், லாட்டரி செய்திகளுக்கு நடுவே கிடக்கும். சேருவதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஒன்பது தட்டு என்று வைப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் முறையற்ற வணிகமாகவே சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு ஆப்காரர்களுக்கு எழுதுங்கள், பதில் இல்லையென்றால் 1915.

கேள்வி: நான் தினமும் பார்க்கும் யூடியூப் அக்கா 'நானே மூன்று மாதமாகத் தேய்க்கிறேன்' என்று ஒரு கூந்தல் எண்ணெயைக் காட்டினார். வாங்கினேன். முடி கொட்டியதுதான் மிச்சம். அவர் காசு வாங்கிக்கொண்டு சொன்னாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, நாமக்கல்)

வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் சில நொடிகளில், மூலையில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் 'பெய்ட் புரொமோஷன்' என்று வந்து மறையும். அல்லது கீழே விவரக் குறிப்பில், இருபது ஹேஷ்டேகுகளுக்குப் பின்னால் 'கொலாப்' (கம்பெனியோடு கூட்டு) என்று ஒளிந்திருக்கும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பத்திரிகையில் விளம்பரம் என்றால் கட்டம் கட்டிப் போட்டார்கள். டிவியில் இடைவேளை விட்டார்கள். இப்போது விளம்பரம் சமையலறைக்குள் வந்து, 'உங்க வீட்டுப் பொண்ணா சொல்றேன்' என்கிறது.

விதி இருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைப்படி, வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே பேச்சிலும் எழுத்திலும் சொல்ல வேண்டும். விவரக் குறிப்பில் மட்டும் போட்டால் போதாது. காசு வாங்கவில்லை, எண்ணெய் பாட்டிலை இலவசமாகத்தான் கொடுத்தார்கள் என்றாலும் சொல்லியாக வேண்டும். பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. இதில் நடிப்பவர் ஓராண்டு எந்த விளம்பரத்திலும் தோன்றக் கூடாது என்று தடைகூட போடலாம். இத்தனையும் ஏட்டில் உண்டு. அக்கா நேற்றும் ஒரு ஃபேஸ் பேக் காட்டினார்.

எண்ணெயை நிறுத்துங்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள், பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். பில்லும் வீடியோ இணைப்பும் இருந்தால் தாராளமாகப் புகார் செய்யலாம்.

கேள்வி: 'சலுகை இன்னும் 9 நிமிடம், 2 மட்டுமே பாக்கி' என்று கடிகாரம் ஓடியது. பதறிப்போய் ஒரு கழுத்து மசாஜர் வாங்கிவிட்டேன். நல்ல விலைதானா? (வாசகர், காரைக்குடி)

அதே பக்கத்தை மூடிவிட்டுத் திறந்து பாருங்கள், திரும்பவும் 9 நிமிடத்திலிருந்து ஓடும். விலையைப் பற்றி நான் பேச முடியாது. அதே மசாஜரை அதே 2-ல் ஒன்றாக நானும் போன தீபாவளிக்கு வாங்கினேன்.